பாட்டை விடுங்க, பேச்சைப் பிடிங்க

பழைய கேசட்டை எல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்தணும், எப்படின்னு சொல்லுங்கன்னு யார் வந்து கேட்டாலும் நான் பதிலுக்கு ஒரு கேள்வி கேப்பேன். எந்தக் கேசட்டு? "எல்லாம் நம்ம ராஜா சார் பாட்டுதான்"னு பதில் வந்தா, அந்தப் பொட்டியை அப்படியே மூடி வச்சுட்டு வேற வேலை இருந்தா பாருங்கன்னு சொல்லிடுவேன். இதனால ரெண்டு மூணு நண்பர்கள் என் மேல கோவமாத்தான் இருக்காங்க. இருக்கட்டும்.

ஏன்னு சொல்றேன். கேசட்டு விஷயத்துல குறுக்கு வழியே கிடையாது. 60 நிமிஷக் கேசட்டை ஏத்தணும்னா அது 60 நிமிஷம் ஓடித்தான் ஆகணும். சிடியில இருந்து உருவுற மாதிரி அஞ்சு நிமிஷத்துல உருவிட முடியாது. நூறு கேசட்டு இருந்தா குறைஞ்சது நூறு மணி நேரம். தினம் ஒரு மணி நேரம் ஒதுக்கினாலும் மூணு மாசத்துக்கு மேல ஆகும். நடுவுல நாடா சிக்கும், கரண்டு போகும், வீட்டுல "இந்த எழவை எப்பதான் முடிப்பீங்க"ன்னு குரல் வரும். இவ்வளவும் பட்டு கடைசியில கையில என்ன இருக்கும்? ஃபோன்ல ரெண்டு தட்டு தட்டினா இதைவிடத் தெளிவாக் கேக்குற அதே பாட்டு, கூடவே 'ஸ்ஸ்ஸ்'ன்னு ஒரு இரைச்சல். இதுக்கா?

அதுலயும் நம்ம கிட்ட இருக்கிறது பெரும்பாலும் ஒரிஜினல் கேசட்டு கூட இல்லை. ஊருக்கு ஊர் ரெக்கார்டிங் சென்டர் இருந்த காலத்துல பதிஞ்சது. ஒரு வெள்ளைத்தாள்ல பாட்டு, படம் பேரை எல்லாம் எழுதி, ஒரு காலி கேசட்டும் வாங்கி (காசு இருந்தா டிடிகே, இல்லாட்டி மெல்ட்ராக்) கடைக்காரர் கிட்ட குடுத்துட்டு வந்தா நாலு நாள் கழிச்சு வாங்கன்னு சொல்லுவார். நாலு நாள் கழிச்சுப் போனா இன்னும் ரெண்டு நாள்ம்பார். பி பக்கத்துக் கடைசிப் பாட்டு ரெண்டாவது சரணத்துல அப்படியே அந்தரத்துல நிக்கும். எனக்கும் அந்தக் காலத்து மேல பிரியம் உண்டு, கொசுவத்தி சுத்தச் சொன்னா விடிய விடிய சுத்துவேன். ஆனா அந்தக் கேசட்டுல உங்களுதுன்னு சொல்லிக்கிற மாதிரி இருக்கிறது ஒலி இல்லை, வரிசை. எந்தப் பாட்டுக்கு அப்புறம் எந்தப் பாட்டுங்கிறதை நீங்க யோசிச்சு எழுதினீங்க பாருங்க, அதான் உங்க சொத்து. உள்ள செருகியிருக்கிற அட்டையை ஒரு போட்டோ எடுங்க, அதே வரிசையில ஃபோன்ல ஒரு பட்டியல் போட்டுக்கங்க. பத்து நிமிஷத்துல முடிஞ்சது வேலை. ஃபோன்ல கிடைக்காத பாட்டு ஒண்ணு ரெண்டு இருந்தா அதை மட்டும் ஏத்துங்க.

அப்ப எதைத்தான் ஏத்தணும்? உலகத்துல ஒரே ஒரு பிரதிதான் இருக்கு, அது உங்க வீட்டுப் பரண்ல இருக்குன்னா, அதை.

ரேடியோவுல இருந்து பிடிச்சதை முதல்ல எடுங்க. சென்னை வானொலி, திருச்சி வானொலி, இலங்கை வானொலின்னு அப்ப விடாமப் பிடிச்சோம். பாட்டுக்கு முன்னாடி அறிவிப்பாளர் பேச ஆரம்பிச்சா பாஸ் பட்டன்ல கட்டை விரலை வச்சுக்கிட்டு, அவர் முடிச்ச நொடியில விடுறது ஒரு பெரிய வித்தையா இருந்துச்சு. அவர் குரல் பதிஞ்சுட்டா கேசட்டே கெட்டுப் போனதா நினைச்சோம். இப்ப போட்டுக் கேட்டா எதுக்குக் காது நிமிருது தெரியுமா? விரல் தாமதமானதால தப்பிச்சு உள்ள வந்துட்ட அந்த அரை வரி அறிவிப்புக்குத்தான். பாட்டு எங்கயும் போகலை. அந்தக் குரலும், அந்தச் சாயந்திரமும் வேற எங்கயும் கிடையாது. ஞாயித்துக்கிழமை மதியம் வர்ற ஒலிச்சித்திரத்தை யாராவது பிடிச்சு வச்சிருந்தாலும் இதே கணக்குதான்.

அடுத்து ஊர் விஷயங்கள். கோயில் திருவிழாவுல ஸ்பீக்கர் கம்பத்துக்குக் கீழ டூ-இன்-ஒன்னை வச்சுப் பதிஞ்ச கச்சேரி, அக்கா கல்யாணத்து நாதஸ்வரம், வில்லுப்பாட்டு, கூத்து. பேர் தெரியாத ஒரு வித்வான் அன்னிக்கு ஒரு ராகத்தை இருபது நிமிஷம் இழைச்சிருப்பார். அவருக்கு ஒரு ரெக்கார்டும் வந்திருக்காது. அவர் இருந்ததுக்கு உங்க கேசட்டுதான் சாட்சி.

அதுக்கும் மேல ஒண்ணு இருக்கு. வீட்டுக் குரல்கள்.

எங்க தஞ்சாவூர், நாகப்பட்டினம் பக்கத்துல இருந்து 80கள்ல வளைகுடா நாடுகளுக்குப் போனவங்க வீட்டுல எல்லாம் பேசின கேசட்டு இருக்கும். லெட்டர் வந்து சேர ரெண்டு வாரம். ஃபோன் பேசணும்னா டிரங்க் கால் புக் பண்ணிட்டுக் காத்துக் கிடக்கணும், காசும் தாங்காது. எழுதப் படிக்க வராதவங்களுக்கு லெட்டரும் அடுத்தவர் கை வழியாத்தான் போகணும். அதனால ரூம்ல டேப் ரிக்கார்டரை வச்சு, தனியா உக்காந்து ஒரு கேசட்டு முழுக்கப் பேசி, ஊருக்கு வர்ற ஆள் கையில குடுத்து விடுவாங்க. இங்க இருந்தும் வீடே சுத்தி உக்காந்து பேசி பதில் கேசட்டு போகும். என் சித்தப்பா துபாய்ல இருந்து அனுப்பின கேசட்டு ஆறு, சித்தி பீரோவுல புடவைக்கு அடியில இருந்துச்சு. டேப் ரிக்கார்டர் என்னிக்கோ செத்துப் போச்சு. சித்தப்பாவும் 2011-ல தவறிட்டார். "இது இன்னும் பாடுமா தம்பி?"ன்னு சித்தி கேட்டப்ப எனக்கே நம்பிக்கை இல்லை.

பாடிச்சு. 1986-ல பதிஞ்ச கேசட்டு. ஏ பக்கத்துல எல்லாருக்கும் பொதுவாப் பேசுறார். கூரை மாத்தியாச்சா, மாடு கன்னு போட்டுச்சா, பெரியவனுக்கு ஃபீஸ் கட்டியாச்சா, அனுப்பின பணத்துல யார் யாருக்கு எவ்வளவு குடுக்கணும்னு ஒரு நீளக் கணக்கு. அந்தக் கணக்குக்கு நடுவுல ஒரு இருமல். சித்தி அந்த இருமலுக்குத்தான் அழுதாங்க, பேச்சுக்கு இல்லை. நாடா வருஷக்கணக்கா ஒரே சுருளா இருந்தா ஒரு சுத்துல இருக்கிற காந்தப் பதிவு அடுத்த சுத்துல லேசா ஒட்டிக்கும். அதனால அவர் ஒவ்வொரு தடவை பேச ஆரம்பிக்கிறதுக்கும் ஒரு கணம் முன்னாடியே அதே சொல் ரொம்ப மெலிசா, தூரத்துல இருந்து வர்ற மாதிரி கேட்டுது. இது நாடாவோட குறைன்னு எனக்குத் தெரியும். சித்திக்கு விளக்கம் எதுவும் சொல்லலை.

பி பக்கம் திருப்பினதும் முதல் வரியே, இந்தப் பக்கம் உனக்கு மட்டும், தனியாக் கேளுன்னு. நான் அங்கேயே நிறுத்திட்டேன். ஸ்பீக்கர் சத்தத்தைச் சுத்தமாக் குறைச்சு, திரையில மீட்டர் ஆடுறதை மட்டும் பாத்துக்கிட்டு முழுப் பக்கத்தையும் ஏத்தினேன். ஒலி அளவு சரியா வருதான்னு பாக்கக் காது தேவையில்லை, கண்ணு போதும்.

"அத நீ கேட்டியா தம்பி?"

"இல்ல சித்தி. சத்தத்தை மூடிட்டேன்."

அவங்க ஹெட்ஃபோன் போட்டுக்கிட்டு உள் ரூம்ல உக்காந்து கேட்டாங்க. அவங்க பையன் ரெண்டு பக்கத்தையும் குடும்ப வாட்ஸப் குரூப்புல போடணும்னு நின்னான். அப்பா குரலை எல்லாரும் கேக்கட்டுமேங்கிறது அவன் நியாயம். சித்தி ஏ பக்கத்துக்குச் சரின்னாங்க, பி பக்கத்துக்கு முடியாதுன்னுட்டாங்க. நான் சித்தி பக்கம். பதிவு பண்ணின கருவியும் ஏத்தின ஆளும் அந்தப் பேச்சுக்கு உரிமையாளர் ஆயிட முடியாது. யாருக்குப் பேசினாரோ அவங்களுதுதான் அது. காப்பகக்காரங்க எல்லாரும் மூணு பிரதி வை, வேற வேற இடத்துல வைன்னு சொல்லுவாங்க. நானும் மத்தவங்களுக்கு அதைத்தான் ஓதுறேன். ஆனா அந்த ஆறு பி பக்கமும் ரெண்டு பென் டிரைவ்ல, அதே பீரோவுல, அதே புடவைக்கு அடியிலதான் இருக்கு. என் கம்ப்யூட்டர்ல கிடையாது. நாளைக்கு அந்தப் பென் டிரைவ் ரெண்டும் செத்துப் போச்சுன்னா போகட்டும். அழியறதுக்கும் சேத்துத்தான் உரிமை.

நிற்க.

இதெல்லாம் இப்பவே பண்ணணுமா, ரிட்டையர் ஆனப்புறம் பாத்துக்கலாமேங்கிறவங்களுக்கு ஒரு சேதி. ஆஸ்திரேலியாவோட தேசியத் திரைப்பட, ஒலிக் காப்பகம் 2015-ல 'டெட்லைன் 2025'னு ஒரு அறிக்கை வெளியிட்டாங்க. 2025-க்குள்ள டிஜிட்டல் ஆகாத காந்த நாடாக்கள்ல பெரும்பாலானது கைவிட்டுப் போயிடும்னு எச்சரிக்கை. அந்தக் கெடு தாண்டியாச்சு. நாடா மக்கிப் போறது ஒரு காரணம்னா, அதை ஓட்ட மெஷின் இல்லாமப் போறது அதுக்குச் சமமான காரணம். என் அனுபவத்துலயும் அப்படித்தான். 1963-ல பிலிப்ஸ் கம்பெனி கொண்டு வந்த இந்தச் சின்ன டப்பா, அதைப் பண்ணின குழுவோட தலைவர் லூ ஓட்டன்ஸ் 2021-ல மறைஞ்ச பிறகும் ஓடிக்கிட்டுதான் இருக்கு. டெக்குதான் மக்கர். உள்ள இருக்கிற ரப்பர் பெல்ட் தாரா உருகி ஒட்டியிருக்கும், இல்லாட்டி தளர்ந்து போயிருக்கும். சோனி ஜப்பான்ல கேசட் வாக்மேனை 2010-லயே நிறுத்திட்டாங்க. இப்ப புதுசா வர்ற மலிவு யூஎஸ்பி பிளேயர்ல நான் பாத்த வரைக்கும் மோட்டார் சீரா ஓடறதில்லை, நாதஸ்வரம் தள்ளாடிக்கிட்டே வாசிக்குது. பழைய நல்ல டெக் ஒண்ணை ரிப்பேர் பண்ணி வச்சுக்கிறதுதான் உத்தமம். பெல்ட் மாத்தத் தெரிஞ்ச மெக்கானிக் உங்க ஊர்ல இருந்தா அவர் இருக்கும்போதே கொண்டு போங்க.

செய்முறையில எல்லாத்தையும் விளக்கப் போறதில்லை. நாடாவை ஓட்டறதுக்கு முன்னாடி ஐசோபுரோபைல் ஆல்கஹால்ல பஞ்சுக் குச்சியை நனைச்சு ஹெட்டைத் துடைங்க. கேசட்டு உள்ள ஹெட்டுக்கு எதிர்ல ஒரு சின்ன ஃபெல்ட் துண்டு இருக்கும், பசை காஞ்சு அது விழுந்திருந்தா சத்தம் மூக்கடைச்ச மாதிரி வரும். அப்ப ஸ்குரூ போட்ட வேற கேசட்டைத் திறந்து, அந்தக் கூட்டுக்குள்ள உங்க நாடாவை மாத்துங்க. கூடு தானம் பண்றதுக்குத் தகுதியான கேசட்டு எல்லா வீட்டுலயும் இருக்கும். எங்க வீட்டுல ஒரு பழைய தேர்தல் பிரச்சாரக் கேசட்டு அந்தப் புண்ணியத்தைக் கட்டிக்கிச்சு :-) அறுந்த இடத்துல சாதா செலோடேப் ஒட்டாதீங்க, பசை கசிஞ்சு பக்கத்துச் சுத்தையும் ஒட்ட வச்சுடும். அதுக்குன்னே ஒட்டு நாடா இருக்கு. ரொம்ப நாள் ஓடாத கேசட்டை ஒரு தடவை கடைசி வரை சுத்தி, திரும்பச் சுத்திட்டு அப்புறம் ஓட்டுங்க. நடராஜ் பென்சிலுக்கு இன்னும் வேலை இருக்கு.

ஒரு விஷயத்தை மட்டும் கொஞ்சம் நீட்டிச் சொல்லணும், ஏன்னா இதை யாரும் சொல்றதில்லை. ஹெட்டோட சாய்வு. ஹெட் பக்கத்துல ஒரு சின்ன ஸ்குரூ இருக்கும், ஸ்பிரிங் போட்டது. வீட்டுல டூ-இன்-ஒன்ல பதிஞ்ச கேசட்டு அந்த மெஷின் ஹெட் எந்தக் கோணத்துல இருந்துச்சோ அதே கோணத்துல பதிஞ்சிருக்கும். உங்க டெக் ஹெட் வேற கோணத்துல இருந்தா 'ஸ', 'ச' எல்லாம் மழுங்கி, கம்பளிக்குள்ள இருந்து பேசற மாதிரி கேக்கும். கேசட்டு ஓட ஓட அந்த ஸ்குரூவை கால் சுத்து, அரைக்கால் சுத்துன்னு மெதுவாத் திருப்புங்க. ஒரு இடத்துல திடீர்னு குரல் எழுந்து உக்காரும். நாடா கெட்டுப் போச்சுன்னு தூக்கிப் போட இருந்த கேசட்டு பல இந்த ஒரு திருகுல உயிர் பெறும். பக்கத்துக்குப் பக்கம் கூட மாத்த வேண்டி வரலாம்.

கம்ப்யூட்டர்ல மைக் ஓட்டையில செருகாதீங்க, லைன்-இன் வேணும். லேப்டாப்ல அது இல்லைன்னா ஒரு யூஎஸ்பி ஆடியோ பெட்டி வாங்கிக்கங்க. 'ம்ம்ம்'னு ஹம் வந்தா சார்ஜரைப் பிடுங்கிட்டு பேட்டரியில ஓட்டிப் பாருங்க, பாதி கேஸ் அதுலயே தீரும். மென்பொருளுக்கு ஆடாசிட்டி போதும், 2000-ல இருந்து இலவசமாவே கிடைக்குது. ஏத்தும்போது எம்பி3 வேண்டவே வேண்டாம், வேவ் ஃபைலா ஏத்துங்க. ஒலிக் காப்பகக்காரங்க சொல்ற குறைஞ்சபட்ச அளவு 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். அப்படி ஏத்தினாலும் ஒரு மணி நேரத்துக்கு சுமார் ஒரு ஜிபிதான். 40 ஜிபி டிஸ்க்கை வச்சுக்கிட்டு எம்பி3க்கு அலைஞ்ச காலம் எப்பவோ போச்சு. மத்தவங்களுக்கு அனுப்ப அதுல இருந்து எம்பி3 பண்ணிக்கலாம், எம்பி3-ல இருந்து திரும்ப வேவ் பண்ணி இழந்ததை மீட்க முடியாது.

அப்புறம் வேகம். டெக் 6 சதவீதம் வேகமா ஓடினா சுருதி அரைக் கட்டை ஏறிடும். ஒரு கட்டையில பாடினவர் ஒன்றரையில பாடுவார். பாட்டுக்காரங்களை விடுங்க, செத்துப் போன ஒருத்தர் குரலை அரைக் கட்டை ஏத்திக் கேக்கறது அவங்க வீட்டுக்காரங்களுக்கு எப்படி இருக்கும்? "அவர் குரல் மாதிரியும் இருக்கு, இல்லாத மாதிரியும் இருக்கு"ன்னு சொல்லுவாங்க. கேசட்டுல எங்கயாவது ஒரு சினிமாப் பாட்டு இருந்தா அதை ஃபோன்ல இருக்கிறதோட ஒத்துப் பாத்து வேகத்தைச் சரி பண்ணிக்கங்க. அந்தப் பாட்டும் இன்னொரு கேசட்டுல இருந்து பதிஞ்சதா இருந்தா ஏமாத்தும், அதனால வீட்டு ஆள் காதுதான் கடைசித் தீர்ப்பு.

இரைச்சல் நீக்குற வசதியைப் பத்தி எனக்கு ஒரு வெறுப்பே உண்டு. கொஞ்சம் கூடிப்போச்சுன்னா தண்ணிக்கு அடியில இருந்து பேசற மாதிரி ஆக்கிடும். அது மட்டும் இல்லை. வீட்டுப் பதிவுல எது இரைச்சல்னு யார் முடிவு பண்றது? பேச்சு நின்னா டூ-இன்-ஒன் தானா சத்தத்தை ஏத்திக்கும். அப்ப ஃபேன் சத்தம் வரும், காக்கா கத்தும், அடுப்படியில பாத்திரம் உருளும், குக்கர் விசில் வரும். அந்த வீடு இப்ப இருக்கா? இடிச்சுக் கட்டியிருப்பாங்க. அந்த ஃபேன் சத்தம்தான் அந்த வீடு. மென்பொருள் முதல்ல தின்னுறது அதைத்தான்.

எங்க அத்தை பொண்ணு கல்யாண நாதஸ்வரக் கேசட்டை 2005-ல டவுன்ல ஒரு கடையில சிடி போடக் குடுத்தாங்க (பேர் வேண்டாம்). கடைக்காரர் நல்லது பண்றதா நினைச்சு வாசிப்புக்கு இடையில இருந்த பேச்சை எல்லாம் 'வேஸ்ட்'னு வெட்டிட்டார். யார் வந்தாங்க, யாரைச் சாப்பிடக் கூப்பிட்டாங்க, எந்தத் தாத்தா காப்பிக்குச் சண்டை போட்டார், எல்லாம் போச்சு. அதோட விட்டுதா? பத்து வருஷத்துல அந்த சிடி எந்த டிரைவ்லயும் படிக்க மாட்டேன்னுடுச்சு. 1988 கேசட்டு மட்டும் பரண்ல சமத்தா இருந்துச்சு, இன்னிக்கும் ஓடுது. காப்பிச் சண்டையும் அதுலதான் இருக்கு. டிஜிட்டல் ஆக்கியாச்சு, இனி கேசட்டு எதுக்குன்னு குப்பையில போடறவங்களுக்கு நான் சொல்ற கதை இதான்.

ஏத்தினதும் ஃபைலுக்குப் பேர் வைங்க. 'டிராக் 01'னு விட்டீங்கன்னா அஞ்சு வருஷத்துல உங்களுக்கே தெரியாது. எந்த வருஷம், எந்த ஊர், யார் பேசுறாங்க, பின்னால அழுற குழந்தை யாருது. இதைத் தெரிஞ்சவங்க இருக்கும்போது பக்கத்துல உக்கார வச்சு ஓட்டுங்க, அவங்க சொல்றதை எழுதிக்கங்க. முடிஞ்சா அவங்க சொல்றதையும் ஃபோன்ல பதிஞ்சுக்கங்க. சித்தி ஏ பக்கத்தைக் கேட்டுக்கிட்டே சொன்னதுல, சித்தப்பா கேசட்டுல சொல்லாத கதை நிறைய.

பி.கு: கேசட்டு பின்பக்க ஓரத்துல ரெண்டு சின்ன பிளாஸ்டிக் தடுப்பு இருக்கும். ஏத்தறதுக்கு முன்னாடி ரெண்டையும் உடைச்சுடுங்க. பழைய டெக்ல பிளே பட்டனும் ரெக்கார்டு பட்டனும் பக்கத்துப் பக்கத்துலதான் இருக்கு.